பின்னணியை அழிக்கவா எக்ஸ்பிரஸ்வே ஏறிப் போனது?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக மும்பை முலுண்டிலிருந்து ஐரோலி பாலத்தைத் தாண்டி கோபோலி பக்கம் விரையும் கார் ஒன்றை நிறுத்தி, பின் சீட்டுப் பைகளைப் பிரித்துப் பார்த்தால் என்ன இருக்கும்? மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு டப்பா, தயிர் சாதம் ஒரு டப்பா, டயப்பர், இரண்டு செட் மாற்றுத்துணி, தொப்பி, பாட்டியின் மாத்திரை. இவை எல்லாவற்றுக்கும் மேலே, யார் காலும் பட்டுவிடாத இடத்தில், கேமராப் பை. பாட்டி மடியில் தூங்கும் இரண்டு வயதுக் குழந்தையின் சாமான் அத்தனையும் சேர்ந்தாலும் அந்தப் பையின் கனம் வராது.

அந்தக் கனத்துக்குப் பின்னால் ஒரு வார காலப் பேச்சு இருக்கும். எந்த லென்ஸ் கொண்டுபோவது? அலுவலகத்தில் ஒருவர், "பெரிய ஜூம் எடுத்துக்கோங்க சார், நின்ன இடத்துலேர்ந்தே இழுத்துடலாம்" என்று சொல்லியிருப்பார். சி.எஸ்.எம்.டி. நிலையத்துக்கு எதிரே போரா பஜார் பக்கம் கேமராக் கடைகளில் ஏறி இறங்கினால் இன்னொரு கட்சி காத்திருக்கும்: "ஒன் பாயின்ட் எய்ட் போடுங்க, பின்னாடி இருக்கறதெல்லாம் அப்படியே கரைஞ்சிடும்." இரண்டுமே நல்ல லென்ஸ்கள்தான். கல்யாண மண்டபத்துக்கும் கிரிக்கெட் மைதானத்துக்கும் பொருந்தும். தீம் பார்க்கில் நடை பழகி முடித்து ஓடத் தொடங்கியிருக்கும் ஒரு குழந்தைக்கு இரண்டும் பொருந்தாது. அங்கே வேண்டியது குட்டையான, இலேசான, அருகிலிருந்து எடுக்கக்கூடிய லென்ஸ். பெரும்பாலான வீடுகளில் அது ஏற்கெனவே அலமாரியில் கிடக்கிறது.

அந்தக் கார் தேடிப் போகும், கோபோலிக்கு அருகே 2013 ஏப்ரலில் திறந்த இமாஜிகா தீம் பார்க்கின் பிறப்புக் கதையே ஃபிலிம் சுருளிலிருந்துதான் தொடங்குகிறது. அதைக் கட்டிய மன்மோகன் ஷெட்டி, சினிமா ஃபிலிம் கழுவும் ஆட்லேப்ஸ் நிறுவனத்தை வளர்த்தவர். பூங்காவுக்கும் முதலில் 'ஆட்லேப்ஸ் இமாஜிகா' என்றுதான் பெயர். 2022-இல் அது மல்பானி குழுமத்தின் கைக்குப் போனது. லேபில் அடுத்தவர் எடுத்த படங்களைக் கழுவியவர், பின்னாளில் படமெடுக்கவே வைத்தது போன்ற முகப்புகளும் கோபுரங்களுமாக ஓர் ஊரையே எழுப்பினார் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இரண்டு வயதுக்காரிக்கு இமாஜிகா என்பது விளம்பரத்தில் வரும் இமாஜிகா அல்ல. தலைகீழாகச் சுழலும் 'நைட்ரோ' ரோலர் கோஸ்டர் வாசலில் உயரம் அளக்கும் பலகை நிற்கிறது. அவளுடைய கை உயர்ந்தாலும் அந்தக் கோட்டைத் தொடாது. அவளுக்கு உரியது மரக்குதிரை ராட்டினம், டப்பி என்ற யானை பறக்கும் சின்ன ராட்டினம், வேஷம் கட்டி வரும் பொம்மை மனிதர்கள், இவற்றோடு எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு தண்ணீர்க் குழாய், அதன் கீழே தேங்கிய குட்டை. இந்த எல்லா இடத்திலும் குழந்தை பெற்றோரின் கைக்கெட்டும் தொலைவில்தான் இருக்கிறது. இருக்கவும் வேண்டும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. இரண்டு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஏறத்தாழ 86, 87 செ.மீ. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு 1.2 மீட்டர் உயரம் சட்டத்துக்குள் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரக் குடும்பங்களில் அதிகம் புழங்கும் ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 200 மி.மீ. நீளத்துக்கு ஜூமை இழுத்தால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் சுமார் 10 மீட்டர் பின்னால் போய் நிற்க வேண்டும். படுக்கையாகப் பிடித்தால் 15 மீட்டர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் 10 மீட்டர் இடைவெளியில் எத்தனை தள்ளுவண்டிகள், எத்தனை பாப்கார்ன் பொட்டலங்கள், எத்தனை அத்தைகள் குறுக்கே போவார்கள் என்பதை தாதர் பாலத்தில் நடந்து பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படம் கெடுவது இருக்கட்டும். கூட்டத்தின் அந்தக் கரையில் குழந்தை நிற்க, இந்தக் கரையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அப்பா நிற்பது எந்தப் படத்துக்காகவும் செய்யக்கூடிய காரியமல்ல.

அதே கேமராவில் 50 மி.மீ. போட்டால் செங்குத்தாக இரண்டரை மீட்டர், படுக்கையாக ஏறத்தாழ 4 மீட்டர். 35 மி.மீ.க்கு அது 1.8, 2.7 ஆகக் குறைகிறது. 24 மி.மீ. என்றால் படுக்கையாகப் பிடித்தாலே 2 மீட்டருக்குள் முடிந்துவிடும். எட்டி ஒரு அடி வைத்தால் குழந்தையின் கையைப் பிடித்துவிடலாம். லென்ஸ் வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இதுதான்: குழந்தை தடுக்கினால், படமெடுப்பவர் எத்தனை நொடியில் அங்கே இருப்பார்?

இனி கடைக்காரர்களின் செல்லப்பிள்ளையான 50 மி.மீ. f/1.8. உலகெங்கும் படக்காரர்கள் இதை 'நிஃப்டி ஃபிஃப்டி' என்று அழைக்கிறார்கள். 1996-இலிருந்து நிஃப்டி 50 என்ற பங்குக் குறியீட்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே காலை காபி குடிக்கும் மும்பையில் இந்தப் பெயர் தனிச் சிரிப்பை வரவழைக்கும். விலை மலிவு, எடை குறைவு. கேனனின் எஸ்டிஎம் வகை 160 கிராம்தான், ஒரு பெரிய கொய்யாப்பழம். முகம் மட்டும் கூர்மையாகவும் பின்னால் உள்ளதெல்லாம் பட்டுப்போலக் குழைந்தும் வரும் படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

அந்த ஆசையின் அளவையும் நாடா பிடித்துப் பார்க்கலாம். 2 மீட்டர் தொலைவில் f/1.8-இல் துல்லியமாக விழும் ஆழம் 11 அல்லது 12 செ.மீ., ஏறக்குறைய அரைச் சாண். 1 மீட்டருக்கு நெருங்கினால் 3 செ.மீ. கூடத் தேறாது. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு கண்ணாடியில் பார்த்தது போல் இருக்கும், அதற்கு அந்தப் பக்கத்துக் கண் புகையாகியிருக்கும். உட்காரச் சொன்னால் உட்காரும் வயதில் இது சரி. இரண்டு வயதில் யாராவது உட்காரச் சொன்னால் அது ஓடுவதற்கான சமிக்ஞை. நொடிக்கு 1 மீட்டர் நகரும் குழந்தை கண் இமைக்கும் நேரத்தில் அந்த அரைச் சாணைத் தாண்டிவிடுகிறது. வீடு திரும்பிக் கணினியில் போட்டுப் பார்க்கையில் நூறு படத்தில் எண்பது படம் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் உள்ள குப்பைத் தொட்டியைத் துல்லியமாகக் காட்டும்.

துல்லியத்தை விடவும் பெரிய சங்கடம் வேறு. எக்ஸ்பிரஸ்வேயில் சுங்கம் கட்டி, நுழைவுச் சீட்டுக்கு ஒரு தொகை கொடுத்து, வெயிலில் காய்ந்து, அந்த ராட்டினத்தின் முன்னால் குழந்தையை நிறுத்திவிட்டு, ராட்டினத்தைப் படத்திலிருந்து அழித்துவிடுவதில் என்ன பொருள் இருக்கிறது? மஞ்சளும் சிவப்பும் கலந்த புகைக்கு முன்னால் ஒரு குழந்தை முகம் வேண்டுமென்றால் முலுண்ட் வீட்டு பால்கனியில் கொடியில் காயும் சேலையே போதும்.

பூங்கா கட்டுகிறவர்கள் பின்னணியைச் சும்மா விடுவதில்லை. கலிஃபோர்னியாவில் 1955-இல் திறந்த டிஸ்னிலாண்டின் கோட்டை 77 அடிதான். மேலே போகப் போகக் கற்களையும் சன்னல்களையும் சிறிதாக்கிக்கொண்டே போனதால் அண்ணாந்து பார்ப்பவருக்கு அது மலையளவு தெரிகிறது. சினிமா செட் போடுகிறவர்களின் பழைய கண்கட்டு இது. அந்தப் பூங்கா திறந்த நாளிலேயே கோடாக் நிறுவனமும் உள்ளே கடை விரித்தது. கட்டும்போதே கேமராவை மனத்தில் வைத்துக் கட்டிய இடத்துக்குப் போய், அந்த உழைப்பையெல்லாம் மங்கலாக்கிக் கொண்டுவருவதை ரசனை என்று சொல்வது கொஞ்சம் கடினம்.

நம் வீட்டுப் பழைய ஆல்பங்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானவை. அறுபது, எழுபதுகளில் பல வீடுகளில் இருந்தது பரோடாவில் தயாரான அக்ஃபா க்ளிக் III. மாற்ற முடியாத ஒரே லென்ஸ், சிறிய துவாரம், ஒரு சுருளுக்கு 12 படம். கருப்பு வெள்ளைச் சுருள் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ஆகவும் இருக்கலாம். ஜூம் கிடையாது, கரைப்பதும் கிடையாது. சென்னைக் கடற்கரையில் நிற்கும் சிலை ஒன்று தலை முதல் பீடம் வரை முழுசாக இருக்கும். அதன் பீடத்துக்குப் பக்கத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அழப் போகிற ஒரு குழந்தை. இன்றைய இன்ஸ்டாகிராம் கண்ணுக்கு அது சுமாரான படம்தான். ஆனால் எந்த ஊர், எந்த இடம், அன்று யார் யார் கூட வந்தார்கள், சித்தப்பா எந்தச் சட்டை போட்டிருந்தார் என்பது வரை அதில் இருக்கிறது.

மும்பைக்காரர்களுக்கு இதில் இன்னும் நெருக்கமான சான்று உண்டு. கோராயில் 1989-இல் திறந்த எஸ்ஸெல் வேர்ல்டு. படகேறிப் போய் இறங்கியதும், தொலைக்காட்சியில் ஓயாமல் வந்த விளம்பரப் பாட்டும் தொண்ணூறுகளில் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னும் மறக்கவில்லை. பக்கத்திலேயே 1998-இல் வாட்டர் கிங்டம் வந்தது. எஸ்ஸெல் வேர்ல்டு இப்போது மூடிக் கிடக்கிறது. அன்று அங்கே மூன்று வயதில் நின்றவர் இன்று தன் பிள்ளைக்கு அந்த ராட்டினத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஆல்பத்தைத்தான் திறக்க வேண்டும். அந்தப் படத்தின் பின்னணியை அன்றைக்கே யாராவது கரைத்துவிட்டிருந்தால்?

ஆக, எதைக் கொண்டுபோவது? ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவருக்கு 24 மி.மீ. அல்லது 35 மி.மீ. அதைவிடப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம்காரருக்கு 35. கேனனின் ஈஎஃப்-எஸ் 24 மி.மீ. f/2.8 வெறும் 125 கிராம், கேமராவின் முன்னால் ஒரு பிஸ்கட்டை ஒட்டிவைத்தது போல் இருக்கும், 16 செ.மீ. வரை நெருங்கி எடுக்கும். நிக்கானின் டிஎக்ஸ் 35 மி.மீ. f/1.8 200 கிராம். ஒப்பிட்டுச் சொல்வதானால் தொழில்முறைக்காரர்களின் 70-200 f/2.8 ஒன்றரைக் கிலோவைத் தொடும். ஒரு தோளில் குழந்தை, மறு தோளில் அது என்று மாலை ஐந்து மணி வரை நடந்து பார்த்தவர் மறுமுறை கேட்கமாட்டார்.

இதெல்லாம் வாங்க மனமில்லாதவருக்கும் வழி இருக்கிறது. கேமராவோடு பெட்டியிலேயே வந்த 18-55 கிட் லென்ஸ். 'கிட்' என்றாலே இளக்காரம். வாங்கிய ஆறாம் மாதம் கழற்றி வைத்துவிட்டு அப்புறம் தொடுவதே இல்லை. பாவம், அது செய்த தப்பு என்ன? நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்து, துவாரத்தை f/5.6-க்குச் சுருக்கினாலும் 1/800 நொடி வேகம் கிடைக்கிறது. குழந்தையின் ஓட்டத்தை நிறுத்த 1/500 போதும். அந்த வேகத்தில் நொடிக்கு 1 மீட்டர் ஓடும் குழந்தை நகர்வது 2 மில்லிமீட்டர். 1/60-இல் அதே குழந்தை ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேலே நகர்ந்து தண்ணீரில் கரைந்த சாயம்போல் ஆகிவிடுகிறது. லென்ஸில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இருக்கிறதே என்று பலர் சமாதானம் சொல்கிறார்கள். அது தாங்குவது எடுப்பவரின் நடுக்கத்தை. குழந்தையின் துள்ளலுக்கு அதனிடம் மருந்தில்லை.

ராட்டினத்துக்கு என்ன செய்வது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அம்மா குழந்தையை அணைத்துக்கொண்டு மரக்குதிரையில் ஏறிவிட, அப்பா வேலிக்கு வெளியே 6 மீட்டர் தள்ளி நிற்பார். கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையில் அந்தத் தொலைவுக்கு 1.7 மீட்டர் உயரம் சட்டத்துக்குள் அடங்கும். குதிரை, குழந்தை, அம்மாவின் தோள், மேலே தொங்கும் ஒரு விளக்கு. வேறென்ன வேண்டும்? ஒவ்வொரு சுற்றிலும் துரத்தாமல், குதிரை வந்து சேரும் ஒரு புள்ளியில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் மூன்றாம் சுற்றுக்குள் படம் விழுந்துவிடும்.

கிட் லென்ஸ் கைவிடும் இடம் கூரைக்குக் கீழே. காட்கோபர் ஆர் சிட்டி மாலில் 2013-இல் வந்த கிட்சானியா போன்ற உள்ளரங்குகளில் விளக்கு கண்ணுக்கு அழகு, கேமராவுக்கு அரைகுறை இருட்டு. அங்கே f/5.6-க்கும் f/1.8-க்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். அதனால்தான் 35 மி.மீ. f/1.8 சொந்தமாக இருந்தால் நல்லது. கரைப்பதற்காக அல்ல, இருட்டுக்காக.

அதிகச் செலவில்லாமல் ஒத்திகை பார்க்க விரும்பும் முலுண்ட்காரர் ஒரு ஸ்லோ லோக்கலைப் பிடித்து பைகுல்லாவில் இறங்கி ராணி பாக் மிருகக்காட்சிசாலைக்குப் போகலாம். 2016-இல் சியோலிலிருந்து வந்து, அடுத்த ஆண்டு மார்ச்சில் மக்கள் பார்வைக்கு வந்த ஹம்போல்ட் பென்குயின்கள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. கூட்டம், மங்கல் வெளிச்சம், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பிம்பம் என்று தீம் பார்க்கின் எல்லாத் தொல்லையும் ஒரே அறையில் கிடைக்கும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, லென்ஸின் ஹுட்டைக் கண்ணாடியில் மெல்ல ஒட்டினால் பிம்பம் மறைந்துவிடும் என்பார்கள், அது பென்குயினைத் தனியாக எடுக்க. குழந்தையை எடுக்க வேண்டுமானால் அதன் பக்கத்தில், அதன் உயரத்துக்கு மண்டியிட்டு, கண்ணாடியில் பதிந்த உள்ளங்கையையும் அதன் அருகே நீந்திப் போகும் பறவையையும் ஒரே சட்டத்தில் பிடிக்க வேண்டும். பெரிய ஜூம் இங்கே பெட்டியிலேயே தூங்கட்டும்.

மண்டியிடுவது பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. நின்றபடியே கீழே குனிந்து குட்டை லென்ஸால் எடுத்தால் தலை பூசணியாகவும் கால் சுண்டைக்காயாகவும் வரும். அப்போது லென்ஸைத் திட்டுகிறார்கள். 87 செ.மீ. உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும். இடுப்புகளுக்கு மேலே வானமும் ராட்டினமும் தெரியும். மைசூர்க்காரரான டி.எஸ். சத்யன் குழந்தைகளைப் படமெடுத்தே 1979-ஆம் ஆண்டு, சர்வதேசக் குழந்தைகள் ஆண்டில், ஐ.நா. தலைமையகத்தில் கண்காட்சி வைத்தவர். அவருடைய படங்களில் பிள்ளைகள் தங்கள் தெருவோடும் பள்ளியோடும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

கையில் இருக்கும் போனே போதாதா என்றால், பாதிக்கு மேல் போதும். போன்களின் முதன்மைக் கேமரா ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. வரை இருக்கும் ஒரு குட்டை லென்ஸ்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு எது உதவும் என்று யோசித்தவர்கள் வந்து நின்ற இடம் அது. முகத்துக்கு ஒரு அடியில் நீட்டினால் மூக்கு பெருத்துவிடும், 'போர்ட்ரெய்ட்' அமைப்பு சுருட்டை முடியை ஓரத்தில் கத்தரித்துவிடும், மங்கல் வெளிச்சத்தில் ஓடும் குழந்தை இழுபட்டுப் போகும். இந்த மூன்றும் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களுக்குத்தான் கேமரா.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கேமராவுக்கு வேறொரு பகை இருக்கிறது: பூஞ்சை. மும்பை மழைக்கால ஈரத்தில் பையிலேயே மூடிவைத்த லென்ஸின் உட்புறம் சிலந்தி வலைபோல் பூத்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட, காற்று புகாத டப்பா ஒன்று இதற்குப் போதும். அரிசி டப்பாவில் புதைப்பது வேண்டாம், மாவு உள்ளே போகும். பூங்காவுக்கு இரண்டு லென்ஸ் கொண்டுபோய் ஈரக்கையோடு மாற்றிக்கொண்டிருப்பதும் வேண்டாம்.

குட்டை லென்ஸுக்கு இன்னொரு சௌகரியம். அதை யாரிடமும் கொடுக்கலாம். குடும்பப் படங்களில் எப்போதும் ஒருவர் காணாமல் போயிருப்பார், பெரும்பாலும் அப்பா. ஒன்றரைக் கிலோ ஜூமை வரிசையில் நிற்கும் அந்நியரிடம் நீட்ட யாருக்கும் துணிவு வராது. 18-55 மாட்டிய கேமராவை 'ஆட்டோ'வில் வைத்து மாமியாரிடமே கொடுக்கலாம். அவர் ஒரு பக்கம் சாய்த்துத்தான் பிடிப்பார். படத்தில் அடிவானம் சரிந்திருக்கும், ஓரத்தில் அவருடைய விரல் நுனி மங்கலாகத் தெரியும். அப்பாவின் தோளில் குழந்தை, கையில் பாதி உருகிய குச்சி ஐஸ், அம்மா யாரையோ பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், பின்னால் ராட்டினத்தின் எழுத்துப் பலகை முழுசாக விழுந்திருக்கிறது.